நானூற்றுப் பன்னிரண்டு பேரில்

பிப்ரவரி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. வேலைக்குப் போகிறேன், வைத்ததைச் சாப்பிடுகிறேன். நலமா என்று கேட்டால் அவ்வளவுதான் சொல்ல முடியும். உன் கண் எரிச்சல் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்தை ஒழுங்காக விடுகிறாயா, இல்லை வழக்கம்போல அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே அறை. நான் போனை எடுத்தால் உன் அண்ணி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். இது அவள் காதில் விழக் கூடாத விஷயம். பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. பின்பக்கம் ஒர்க்‌ஷாப் முகவரி எழுதியிருக்கிறேன், அதற்கு அனுப்பு.

சுண்டு போய் ஆறு வாரமாகிறது. பத்தொன்பது வயதில் போன மகளைப் பற்றி இப்படி எழுதக் கை வரவில்லை. அன்று காலை பத்து மணிக்கு டாக்டர் கையை விரித்துவிட்டுப் போனதும், கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இந்த நேரத்துல கேக்கறதுக்கு மன்னிச்சிடுங்க சார்" என்று ஆரம்பித்தாள். ஆராய்ச்சிக்காக உடம்பிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகள் தருவீர்களா என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உனக்குப் போன் போட்டேன். அந்தப் பெட்டிகள் எல்லாம் நீ வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்துக்குத்தான் வரும் என்று சொன்னாய். "குடுங்கண்ணா" என்றாய். கையெழுத்துப் போட்டேன். உன் அண்ணி அப்போது உள்ளே சுண்டுவோடு இருந்தாள். அவளிடம் கேட்கவில்லை. இன்று வரை சொல்லவும் இல்லை.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். கொடுத்ததை வைத்து என்ன செய்கிறீர்கள்? இன்னொன்று, துக்கம் விசாரிக்க வந்த என் மச்சான் எல்லோர் முன்னாலும் சொன்னான், "இது அவங்க வீட்டு இழுப்பு. எங்க பக்கம் யாருக்கும் கிடையாது." நம் அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்குவாரே, அது என் கண் முன்னால் வந்தது. பாப்பா, அது என் வழியாகத்தான் அவளுக்குப் போனதா?

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சொட்டு மருந்து விடுகிறேன், சத்தியமாக. உங்கள் முட்டி வலிக்கு ஏதாவது பார்த்தீர்களா? அண்ணி சாப்பிடுகிறார்களா?

முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்த மட்டும் சொல்கிறேன். உடம்பில் எந்த மூலையிலிருந்து ஒரு செல்லை எடுத்தாலும் உள்ளே இருக்கும் டி.என்.ஏ. ஒன்றுதான். நுரையீரலில் எழுதியிருப்பதும் தோலில் எழுதியிருப்பதும் ஒரே எழுத்து. ஆனால் ஒவ்வோர் இடத்திலும் சில மரபணுக்கள்தான் வேலை செய்யும். அதிலும் சில மும்முரமாக, சில பட்டும் படாமலும். வேலை செய்யும் மரபணு ஆர்.என்.ஏ. என்ற நகலை எடுத்துவிடும். அந்த நகல் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், மரபணு எவ்வளவு வேலை செய்தது என்று தெரிந்துவிடும்.

ஆளுக்கு ஆள் டி.என்.ஏ.வில் அங்கங்கே ஓர் எழுத்து மாறியிருக்கும். மரபணுவுக்கு அருகில் ஓர் எழுத்து மாறினாலே அதன் வேலை கொஞ்சம் கூடலாம், கொஞ்சம் குறையலாம். எந்த எழுத்து, எந்த உறுப்பில், எதைக் கூட்டிக் குறைக்கிறது என்று நூற்றுக்கணக்கான பேரை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. உயிரோடு இருப்பவரிடம் போய் நுரையீரலில் ஒரு துண்டு கொடுங்கள் என்று கேட்க முடியுமா? அதனால்தான் அந்தப் பெண் உங்களிடம் வந்தாள்.

இரண்டாவது கேள்வி. ஆஸ்துமாவுக்கென்று தனியாக ஒரு மரபணு கிடையாது அண்ணா. உயரம் மாதிரி, ரத்த அழுத்தம் மாதிரி, அது எத்தனையோ சின்ன வித்தியாசங்கள் சேர்ந்த கூட்டு. ஒவ்வொன்றின் பங்கும் ஒரு துளி. அதில் பாதி உங்களிடமிருந்து வந்தது, பாதி அண்ணியிடமிருந்து. அதன்மேல் அவள் சுவாசித்த தூசி, பிடித்த சளி, அந்த வாரத்துக் குளிர். அப்பாவின் இழுப்பு ஒரு மூட்டையாக உங்கள் தலையில் ஏறி அவள் தலையில் இறங்கவில்லை. உங்கள் மச்சானுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க என்னால் ஆகாது. நீங்களாவது நம்புங்கள்.

பெட்டிகளில் பெயர் இருக்காது, எண்தான். ஆனால் அன்றைய தேதி போட்டு ஒரே ஒரு பெட்டிதான் வந்தது. அது உறைநிலைப் பெட்டகத்தில் இருக்கிறது. மார்ச்சில் அதன் முறை வரும். டி.என்.ஏ. வருடக்கணக்கில் கெடாது. ஆர்.என்.ஏ. மணிக்கணக்கில் உடைந்துவிடும், அதனால்தான் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்து உறைய வைக்க வேண்டும் என்று அவ்வளவு கண்டிப்பு.

உடம்பைக் கவனியுங்கள்.

தங்கை


மார்ச் 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம் கேட்டு எழுதியிருந்தாய். முட்டி இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் ஒற்றுமையாக இருக்கின்றன.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நேற்று பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் மோட்டார் அறையில் பிரேக்கைக் கழற்றிக்கொண்டிருந்தபோதுதான் சட்டென்று பிடிபட்டது. எல்லா மாடிக்கும் ஒரே வயரிங் வரைபடம்தான். ஆனால் மூன்றாம் மாடியில் பல் டாக்டர் இருக்கிறார், அந்தப் பொத்தான் நாள் பூராவும் எரிகிறது. ஒன்பதாம் மாடி காலி, பொத்தானில் தூசி. வரைபடத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, அந்தந்த மாடியில் போய் நின்றால்தான் தெரியும். சரிதானே? கூட வேலை பார்ப்பவரிடம் சொன்னேன். "நீங்க முதல்ல பிரேக்கை மாட்டுங்க, டாக்டர் பட்டம் அப்புறம் வாங்கலாம்" என்றார்.

சுண்டு இருந்தால் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். மின்சார அலுவலகத்திலிருந்து பேசுகிறேன் என்று குரலை மாற்றி உன்னை எத்தனை தடவை ஏமாற்றியிருக்கிறாள்! அவளுடைய இன்ஹேலர்கள் இன்னும் வீட்டில் எல்லா இடத்திலும் கிடக்கின்றன. கைப்பையில் ஒன்று, ஜன்னலோரம் ஒன்று, செருப்பு அலமாரி மேல் ஒன்று. அண்ணி எடுக்க விடுவதில்லை.

ஆறு மணி நேரம் என்று எழுதியிருந்தாய். அன்று கொஞ்சம் தாமதமாகிவிட்டது. எவ்வளவு என்று சரியாக நினைவில்லை. அந்தப் பெண், "பரவால்ல சார், எடுத்துக்கிறோம், பாக்கலாம்" என்றாள். முறை வந்ததும் நம்முடையது நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி எழுது. மற்றதை நான் தாங்கிக்கொள்வேன்.

கண்ணைக் கசக்காதே.

அண்ணன்


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். கண் டாக்டரிடம் இரண்டு தடவை அலைந்தேன். இங்கே வேலையும் தலைக்கு மேல்.

பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது. நானே என் கையால் திறந்தேன். பனிக்கட்டி துளியும் உருகியிருக்கவில்லை.

போன வருட விடுமுறையில் சுண்டு இங்கே வந்தபோது கண்ணாடிக்கு வெளியே நின்று நான் வேலை செய்வதைப் பார்த்தாள். "அத்தை, நீங்க சமையல் பண்ற மாதிரியே இருக்கு, ஆனா இங்க மட்டும் எதையும் கருக விடமாட்டேங்கறீங்க" என்றாள். அந்தக் கண்ணாடியைத் தாண்டித்தான் தினமும் போக வேண்டியிருக்கிறது.

மோட்டார் அறைப் படிகளில் பார்த்து ஏறுங்கள். முட்டிக்கு எண்ணெய் தேய்ப்பதோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கை


மே 14

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெட்டி பத்திரமாக வந்தது என்ற வரியை வைத்துக்கொண்டு நாட்களை ஓட்டுகிறேன்.

உன் அண்ணியிடம் சொல்லிவிட்டேன். மறைத்து மறைத்து எனக்கே மூச்சு முட்டியது. துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எதை எடுத்தாங்க?" என்று கேட்டாள்.

"ரத்தம். தோல்ல கொஞ்சம். நுரையீரல்ல ஒரு துண்டு."

கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "மூச்சு விட முடியாம தவிச்சாளே, அதையா வெட்டி எடுத்தாங்க?"

"ஆமா."

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு? பெத்தவ உள்ள உக்காந்திருக்கேன். கதவுக்கு வெளிய அண்ணனும் தங்கச்சியும் பேசி முடிச்சிட்டீங்க."

அவள் சொன்னதில் ஓர் எழுத்துத் தப்பில்லை. அன்றிலிருந்து பதினோரு நாளாக என்னோடு பேச்சில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள். லிஃப்டில் ஏறி இறங்குகிறவர்கள்கூட என்னிடம் இதைவிட அதிகம் பேசுகிறார்கள்.

நீ அவளுக்கு ஒரு கடிதம் போடு. அதை வீட்டு முகவரிக்கே அனுப்பு.

அண்ணன்


மே 25

அன்புள்ள அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. கேட்காமல் எழுதவும் தெரியவில்லை.

அன்று கொடுக்கச் சொன்னது நான். அண்ணா தடுமாறிக்கொண்டுதான் இருந்தார். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். போனிலேயே "அண்ணிகிட்ட கேளுங்க" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அது என் புத்திக்கு எட்டவில்லை. வேலை செய்து பழகிய இடத்திலிருந்து பேசிவிட்டேன், அத்தையாகப் பேசவில்லை.

சுண்டுவின் இழுப்பு அண்ணாவின் வீட்டிலிருந்து வந்தது என்று யாரோ சொன்னார்களாம். அது அப்படி வருவதில்லை அண்ணி. அவளிடம் இருந்தது எல்லாமே பாதி நீங்கள், பாதி அவர். அவளுடைய மூச்சும் அப்படித்தான், அவளுடைய சிரிப்பும் அப்படித்தான்.

பதில் போட வேண்டாம். திட்ட வேண்டும் என்று தோன்றினால் போடுங்கள்.

நாத்தனார்


ஜூலை 30

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம்தானே? உன் கடிதத்துக்கு அண்ணி பதில் போடவில்லை என்று தெரியும். ஆனால் கிழித்துப் போடவும் இல்லை, தன் அலமாரியில் வைத்திருக்கிறாள். இப்போது என்னோடு தேவைக்குப் பேசுகிறாள்.

உங்கள் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து குடும்பங்களுக்கு ஒரு சின்ன நன்றிப் புத்தகம் வந்தது. 'நானூற்றுப் பன்னிரண்டு பேரின் திசுக்களிலிருந்து பெற்ற தகவல்கள்' என்று முதல் பக்கத்தில் போட்டிருக்கிறது. நுரையீரலைப் பற்றித் தனியாக ஒரு பத்தி. ஏதோ ஓர் எழுத்து மாறியிருந்தால் நுரையீரலில் ஏதோ ஒரு மரபணுவின் வேலை கூடுகிறதாம், அது ஆஸ்துமாவோடு சம்பந்தப்பட்டதாக இருக்கலாமாம். எனக்கு அது மனப்பாடம்.

புத்தகத்தை டூல் பையில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கட்டடத்திலும் வாட்ச்மேனிடம் காட்டுகிறேன். "இதுல என் பொண்ணு இருக்கா" என்கிறேன். ஒருவர் எழுந்து நின்று படித்தார். இந்த மாதம் சுண்டு இறந்த ஆஸ்பத்திரியிலேயே லிஃப்ட் பழுதாகி, என்னைத்தான் அனுப்பினார்கள். அந்த வராந்தா வழியாகத்தான் போக வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு, நானூற்றுப் பன்னிரண்டு என்று சொல்லிக்கொண்டே நடந்து போய்விட்டேன்.

போன வாரம் அண்ணி அதை எடுத்துப் படித்தாள். "இதுல நம்ம பொண்ணு இருக்காளா?" என்று கேட்டாள். "இருக்கா" என்றேன்.

அக்டோபரில் குடும்பங்களை அழைத்து ஒரு கூட்டம் நடத்துகிறார்களாமே. "போலாமா?" என்று கேட்டேன். "வரேன்" என்றாள். எனக்கு நம்பவே முடியவில்லை. அதற்கு முன்னால் உன் கையெழுத்தில் ஒரு வரி வேண்டும். அந்த நானூற்றுப் பன்னிரண்டில் அவள் இருக்கிறாள்தானே?

அண்ணன்


ஆகஸ்ட் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதை ஒர்க்‌ஷாப் முகவரிக்கே அனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

அவள் அதில் இல்லை.

மார்ச்சில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஏப்ரலில் எழுதியபோது பெட்டியைப் பற்றியும் பனிக்கட்டியைப் பற்றியும் எழுதினேன். எழுதியது எல்லாம் உண்மை, கேட்டதற்குப் பதில்தான் இல்லை. அந்தப் பெட்டியை வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். என்னால் கொடுக்க முடியவில்லை. நுரையீரல் துண்டை நானே அரைத்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தேன். அது எவ்வளவு முழுதாக இருக்கிறது என்று ஒரு கருவி பத்துக்கு மதிப்பெண் போடும். ஆறு வேண்டும். இரண்டு புள்ளி ஒன்று வந்தது. மறுபடி செய்தேன். அதேதான். மூன்றாவது தடவை செய்தபோது மேலதிகாரி வந்து நின்றார். "ரெண்டு தடவைதானே விதி, மூணாவது எதுக்கு?" என்று கேட்டார். "கை தவறிடுச்சுன்னு நினைச்சேன்" என்றேன். எல்லாம் துண்டு துண்டாக உடைந்திருந்தது அண்ணா, அளக்க ஒன்றுமே இல்லை. தோலும் அப்படியே. விதிப்படி எரிக்க அனுப்பினோம். படிவத்தில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

ரத்தத்திலிருந்து எடுத்த டி.என்.ஏ. மட்டும் நன்றாக இருக்கிறது. ஒரு சின்னக் குழாயில் வைத்திருக்கிறோம். ஆனால் எழுத்து மட்டும் இருந்து என்ன பயன்? அது எவ்வளவு வேலை செய்தது என்று ஒப்பிட ஆர்.என்.ஏ. இல்லாவிட்டால் அவளைக் கணக்கில் சேர்க்க முடியாது.

காரணமும் எழுதிவிடுகிறேன். பெட்டியோடு வந்த தாளில் நேரம் போட்டிருந்தது. உயிர் பிரிந்தது காலை பத்து ஐந்து. துண்டுகளை எடுத்தது மாலை ஐந்து பத்து. தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: தாய் உடலை விடவில்லை.

இது அண்ணிக்கு எந்தக் காலத்திலும் தெரிய வேண்டாம். தன்னால்தான் வீணாயிற்று என்று நினைத்தால் அவர்கள் தாங்க மாட்டார்கள். கூட்டத்துக்கு வர வேண்டாம் என்று ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள்.

என்னை மன்னிக்க முடிந்தால் மன்னியுங்கள்.

தங்கை


ஆகஸ்ட் 23

பாப்பாவுக்கு அண்ணி எழுதுவது.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உன் கண் சரியாகிவிட்டதா?

உன் அண்ணனுக்கு முட்டி வீங்கி மூன்று நாள் லீவு. ஒர்க்‌ஷாப் ஆள் உன் கடிதத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். உன் அண்ணன் அப்போது டாக்டரிடம் போயிருந்தார். நான்தான் பிரித்தேன். அவருக்கு வந்ததைப் பிரித்தது தப்புதான். அன்று ஆஸ்பத்திரியில் என்னைக் கேட்காமல் நடந்ததற்கு இது ஒன்றும் பெரிதில்லை என்று பிரித்தேன்.

நான் தாங்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். பாப்பா, மே மாதத்திலிருந்து எனக்கு ஒரே நினைப்புதான். என் பெண்ணை எங்கேயோ ஓர் ஊரில், யாரோ பெயர் தெரியாதவர்கள், பெட்டிக்குள் துண்டாக வைத்திருக்கிறார்கள் என்று. அக்டோபரில் வர ஒப்புக்கொண்டது எதற்குத் தெரியுமா? மீதி ஏதாவது இருந்தால் கொடுத்துவிடுங்கள் என்று அத்தனை பேர் முன்னால் கேட்பதற்கு. உன் அண்ணனிடம் அதைச் சொல்லவில்லை.

இப்போது யாரிடமும் இல்லை என்கிறாய். அந்த ஏழு மணி நேரத்தில் நான் பிடித்து வைத்திருந்தது யாருக்கும் போகவில்லை என்கிறாய். நீ அழுதுகொண்டே எழுதியிருப்பாய். நான் படித்துவிட்டு முகம் கழுவி, ஒரு தட்டு சாப்பாடு முழுதாகச் சாப்பிட்டேன். வருத்தம் இல்லை என்று சொல்லவில்லை. யாரோ ஒரு குழந்தைக்கு அதனால் நல்லது நடந்திருக்கலாம் என்பது எனக்கும் புரியாமல் இல்லை. ஆனாலும் உண்மையைத்தானே எழுத வேண்டும்?

இன்னொன்று. என் சின்னம்மா ஒருத்தி, பதினாறு வயதில் மூச்சு முட்டித்தான் போனாள். எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். என் தம்பி எல்லோர் முன்னாலும் அப்படிச் சொன்னபோது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. யார் மேலாவது போட்டால் பாரம் குறையும் என்று இருந்துவிட்டேன். பாதி நான், பாதி அவர் என்று நீ எழுதியதை அன்றே படித்துவிட்டேன். பதில் போடாததற்கு அதுதான் காரணம்.

அந்தச் சின்னக் குழாய் இருக்கட்டும். நீ பக்கத்தில் இருக்கிறாய்.

இந்தக் கடிதத்தோடு உன் கடிதத்தையும் அவரிடம் காட்டப் போகிறேன். அவருக்கு இது என்ன செய்யும் என்று நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

அண்ணி


செப்டம்பர் 21

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. பேனாவை எடுத்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. முட்டி வீக்கம் வடிந்துவிட்டது, மீண்டும் வேலைக்குப் போகிறேன்.

நீ ஒன்றை மறைத்தாய், அண்ணி ஒன்றை மறைத்தாள். என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். நேரம் நினைவில்லை என்று உனக்கு எழுதினேனே, அது பொய். நிமிடம் வரை நினைவிருந்தது. அந்தப் பெண் பன்னிரண்டு மணிக்கு வந்தாள், இரண்டு மணிக்கு வந்தாள். மூன்றரைக்குக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"சார், நாலு மணியோட ஆறு மணி நேரம் முடியுது. நான் போய் மெதுவா பேசிப் பாக்கட்டுமா?"

"வேணாம்மா. உள்ள போகாதீங்க" என்றேன்.

"அப்புறம் பிரயோஜனம் இல்லாம போயிடும் சார்."

"தெரியுது. இருந்தாலும் போகாதீங்க."

கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். நர்ஸ் வந்தார், அவரையும் விடவில்லை. கையெழுத்துப் போட்டவனும் நான், கதவை மறித்தவனும் நான். நீ எப்படியாவது "நன்றாக இருக்கிறது" என்று எழுதிவிட்டால் அவளைக் கொடுத்த பலனும் உன் அண்ணிக்கு அந்த நேரமும், இரண்டும் எனக்குக் கிடைத்துவிடும் என்று பேராசைப்பட்டேன். அதனால்தான் உன்னை அவ்வளவு நச்சரித்தேன்.

புத்தகத்தை டூல் பையிலிருந்து எடுத்துவிட்டேன். அந்தப் பதினோரு மாடிக் கட்டட வாட்ச்மேன், "உங்க பொண்ணு இருக்கற புஸ்தகம் எங்க சார், எங்க வீட்ல காட்டணும்" என்று கேட்டார். "அதுல இல்லப்பா, நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றேன். இரண்டாம் தடவை அவளை இழந்த மாதிரி இருந்தது. லிஃப்டின் கூரை மேல் ஏறிக் கம்பி வடத்துக்கு எண்ணெய் பூசும் சாக்கில் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் நானூற்றுப் பன்னிரண்டு என்று எங்கேயாவது பார்த்தால், பஸ் மேல், கதவு மேல், முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அது போகும் என்று தோன்றவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை உன் அண்ணி எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அவ்வளவு நேரம் வெளிய என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டாள். மேலே எழுதியதை எல்லாம் சொன்னேன். "நீங்க பாக்கப் பயந்துட்டு வெளியவே நின்னுட்டீங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

பிறகு, நான் கேட்காமலேயே, உள்ளே நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் சுண்டுவுக்குச் சிக்கெடுத்துத் தலை வாரியது, நகத்தில் ஒட்டியிருந்த பெயின்டைச் சுரண்டியது, அவளிடம் என்னென்ன பேசினாள் என்பது, என்னைப் பற்றி என்ன புகார் சொன்னாள் என்பது உட்பட. இந்த ஒன்பது மாதத்தில் எனக்கு அந்த அறைக்குள் என்ன நடந்தது என்று எதுவுமே தெரியாது. சொல்லி முடிக்க மாலையாகிவிட்டது. நடுவில் இரண்டு பேரும் எழுந்து டீ போட்டுக் குடித்தோம். மறுபடி உட்கார்ந்தோம்.

அதை இதில் எழுத மாட்டேன். ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வா. அவளே உனக்குச் சொல்வாள்.

உன் அண்ணன்